கொசு வரைபடத்தில் நகராத ஒரு புள்ளி

அந்த வருடம் துபாயில் பெருமழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில் எங்கள் கம்பெனிக்குக் கொசு வேலை வந்தது. அதுவரை ஹோட்டல்களிலும் கிடங்குகளிலும் கரப்பானுக்கும் எலிக்கும் மருந்து வைத்துக்கொண்டிருந்த சாதாரணக் கம்பெனி அது. மழைத் தண்ணீர் பார்க்கிங்குகளிலும் கட்டடங்களின் அடித்தளங்களிலும் நாள்கணக்கில் நின்றது. மோட்டார் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகும் அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்று டெங்கு காய்ச்சலில் படுக்க ஆரம்பித்தார்கள். கராமாவிலும் பர் துபாயிலும் சில தெருக்களை நகராட்சி எங்கள் பொறுப்பில் விட்டது.

நான் அங்கே வரைபடம் போடுகிறவள். திருச்சியில் புவியியல் படித்தேன். கல்யாணமாகி துபாய்க்கு வந்து, மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு இந்த வேலையில் சேர்ந்தேன். என் வேலை இதுதான். மருந்து அடிப்பவர்கள் அடிக்கிறார்கள். அதனால் கொசு குறைகிறதா இல்லையா என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். அதற்கு மூன்று விவரங்கள் வேண்டும்.

முதலாவது முட்டை. கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, உள்ளே சொரசொரப்பான காகிதப் பட்டை ஒன்றைச் செருகி, படிக்கட்டுக்குக் கீழேயோ செடி மறைவிலோ வைத்துவிடுவார்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரைத் தேடி வந்து அந்தப் பட்டையில் முட்டையிடும். வாரம் ஒருமுறை பட்டையை எடுத்து முட்டைகளை எண்ணுவோம். முட்டை அதிகமானால் வரைபடத்தில் சிவப்பு வட்டம் பெரிதாகும். இரண்டாவது, மருந்து அடிப்பவர்கள் நடந்த வழி. அவர்கள் கையில் கம்பெனி போன் ஒன்று இருக்கும். அது நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைப் பதிந்துகொள்ளும். என் திரையில் அவை நீலப் புள்ளிகளாக வரும். சேர்த்துப் பார்த்தால் ஒரு நீலக் கோடு. மூன்றாவது, காய்ச்சல். எந்தக் கட்டடம், ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, அவ்வளவுதான் எங்களுக்கு வரும். பெயர் வராது. காய்ச்சலுக்கு நான் மஞ்சள் புள்ளி வைத்திருந்தேன்.

எங்கள் பகுதிக்கு மருந்து அடிக்க வந்தவர் கீழக்கரைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொடும் வயது, நரைத்த தாடி. தேராவில் ஒரு கடையில் பல வருடம் நின்றவர். கடையை மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். வியாழக்கிழமைதோறும் முட்டைப் பட்டைகளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். என் மேசைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

முதல் வாரம் நான் போனில் மகளிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம் தமிழா? அல்ஹம்துலில்லாஹ். இந்தப் போன்ல எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே கேக்குது. எனக்கு ஏ பி சி டி தெரியும், அதுக்கு மேல கொஞ்சம் கஷ்டம்."

நான் அவருடைய போனை வாங்கி, அன்றன்றைய வேலையைப் பதியும் படிவத்தின் கடைசியில் இருந்த கட்டத்தைக் காட்டினேன். "குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க பாய். இதுல நீங்க எந்தப் பாஷையிலயும் எழுதலாம்."

"தமிழ்ல எழுதினா வருமா?"

"வரும்."

அவர் அங்கேயே நின்று ஆள்காட்டி விரலால் 'வணக்கம்' என்று தட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. சிரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாறு வாரங்களில் பெரும்பாலான தெருக்களில் சிவப்பு வட்டங்கள் சிறுத்தன. ஒரு கட்டத்தில் மட்டும் சிறுக்கவில்லை. கட்டம் என்று நான் சொல்வது நான்கு தெருக்களுக்கு நடுவே இருக்கும் ஏழெட்டுக் கட்டடங்களை. தரைத்தளத்தில் தையல் கடை, மளிகை, ஒரு மெஸ்; மேலே குடும்பங்களும், அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் பேச்சிலர்களும். நாங்கள் குடியிருந்த கட்டடமும் அதற்குள்தான் இருந்தது. என் வீட்டைச் சுற்றிய கட்டம் என்பதற்காக அதை அதிகமாகவும் பார்க்கவில்லை, குறைவாகவும் பார்க்கவில்லை. அப்படி இருப்பதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

நீலக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். மற்ற தெருக்களில் பாயின் கோடு ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றி வந்திருந்தது. இந்தக் கட்டத்தில் பத்து மணிக்கு ஒரு பார்க்கிங்கில் போய் நின்றது. பன்னிரண்டு மணிவரை அங்கேயே. மறுநாளும் அதே பார்க்கிங். அதற்கு அடுத்த வாரமும். நூற்றுக்கணக்கான நீலப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாகத் தெரிந்தன.

மே மாத வெயில். வேனுக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதில் எனக்குக் கோபம்கூட இல்லை. அந்த வெயிலில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆளைக் கேட்பது மேற்பார்வையாளர் வேலை, என் வேலை வரைபடம் என்று விட்டுவிட்டேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினேன். இந்தக் கட்டத்தில் மருந்து அடிக்கப்பட்டதற்கான சான்று இல்லை.

எங்கள் மேனேஜர் பாலக்காட்டுக்காரர். கோயம்புத்தூரில் படித்தவர், என்னோடு தமிழில்தான் பேசுவார். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது உறுதியா?"

"ஜிபிஎஸ் காட்டுறது இதுதான் சார்."

"ஆள் அந்தத் தாடிக்கார பாயா?"

"நான் ஆளைப் பத்தி எதுவும் எழுதல சார். அந்த பிளாக்ல வேலை நடந்ததுக்குச் சான்று இல்லன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

அந்த வியாழக்கிழமை பாய் பட்டைகளைக் கொடுக்க வந்தபோது அவரை நேராக மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்பு என்பதால் பேச்சு கேட்கவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் திரையைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். கையை ஆட்டி ஏதோ சொன்னார், பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். உறையை என் மேசையில் வைத்தார்.

"மேப்புல நான் இல்லையாமே மேடம்."

"போன் காட்டினதைத்தான் பாய் நான் போட்டேன்."

"சரி," என்றார். உடனே கிளம்பிப் போய்விட்டார்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அபுதாபியையும் தாண்டி வெகுதூரத்தில் இருக்கும் ருவைஸுக்கு மாற்றினார்கள். அங்கே ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்களில் எலி, கரப்பான் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் கேட்டிருந்த லீவும் தள்ளிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் இடத்துக்கு ஒரு நேபாளத்துக்காரர் வந்தார். அதற்குள் கோடை முற்றியதால் வேலை நேரத்தைக் காலை ஐந்து மணிக்கு மாற்றியிருந்தார்கள். புது ஆளின் நீலக் கோட்டைப் பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு சந்துகூட விடவில்லை, ஒவ்வொரு கட்டடத்தையும் இரண்டு சுற்று. மேனேஜர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் வாரம் முட்டை குறையவில்லை. மருந்து வேலை செய்ய நாளாகும் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாவது வாரமும் குறையவில்லை. மூன்றாவது வாரம் கொஞ்சம் கூடியது.

அந்த மூன்றாவது வாரத்தில் ஒருநாள் என் கணவர் மதியமே வேலையிலிருந்து வந்துவிட்டார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். ஏசியை அணைக்கச் சொன்னார். காய்ச்சலை வரைபடத்தில் ஏற்றுவதையே வேலையாக வைத்திருந்த நான், அவருக்குப் பாராசிட்டமால் கொடுத்து, ஃப்ளூவாக இருக்கும், ஆபீஸில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும் என்றேன். இரண்டு நாள் ரசமும் கஞ்சியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் கையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தபோதுதான் கிளினிக்குக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான், பிளேட்லெட் குறைகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

படுக்கையில் சாய்ந்துகொண்டு கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "உன் கொசுதான் கடிச்சிருக்கு போல."

"பேசாம படுங்க."

"மேப்ல என்னையும் போடுவியா?"

"பேரு வராது. புள்ளிதான்."

அடுத்த வாரப் பட்டியல் வந்தது. எங்கள் கட்டடத்தின்மேல் ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. ஆண், நாற்பதுக்கு மேல். அவர் அப்போது மருத்துவமனையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அபாயக் கட்டம் தாண்டியிருந்தது. மற்றப் புள்ளிகளின் அளவிலேயே அதையும் வைத்தேன். பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாய் இருந்தபோதும் முட்டை குறையவில்லை. ஒரு சந்து விடாமல் நடக்கிற ஆள் வந்த பிறகும் குறையவில்லை. அப்படியென்றால் மருந்து அடிக்காததுதான் காரணம் என்று நான் சொன்னது எங்கே நிற்கிறது? போன் நகரவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. ஆள் நகரவில்லை என்று எழுதியவள் நான்.

மறுநாள் காலை பாய்க்குப் போன் செய்தேன். அவர் நம்பர் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது.

"பாய், துபாய் ஆபீஸ்ல மேப் போடுறவ பேசறேன்."

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "சொல்லுங்க மேடம்."

"அந்தப் பார்க்கிங்ல பத்து மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும் தினமும் நின்னிருக்கீங்களே, அது எதுக்குன்னு கேக்கத்தான்."

"போன் நின்னுச்சு மேடம். நான் நிக்கல."

"புரியல பாய்."

"வெயில்ல போன் சூடாயிரும். மஞ்சளா ஒண்ணு காட்டும், அப்புறம் செத்துரும். அது செத்தா அன்னைக்குப் பதிஞ்சது எல்லாம் போயிரும். ரெண்டு தடவ போச்சு. அதான் வேன்ல டிரைவர்கிட்ட ஏசிக்கு முன்னால வச்சிட்டு, நான் மருந்தோட இறங்கிப் போவேன். பேப்பர்ல குறிச்சுக்கிட்டு வந்து அப்புறம் போன்ல ஏத்துவேன். மத்தத் தெருவெல்லாம் காலையிலயே முடிச்சிருவேன், வெயில் இருக்காது. இந்தத் தெருவுக்கு வரும்போதுதான் பத்து ஆயிரும்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எழுதினேனே. தமிழ்லதான் எழுதினேன். நீங்கதானே எந்தப் பாஷையிலயும் எழுதலாம்னு சொன்னீக."

நான் போனை வைத்த பிறகு நடந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போன்களிலிருந்து வரும் விவரங்களை நான் என் மென்பொருளுக்கு மாற்றும்போது, குறிப்பு என்ற பத்தி முழுவதும் கேள்விக்குறிகளாக வரும். வரிசையாக, பத்து, இருபது கேள்விக்குறிகள். முதல் வாரமே அதைப் பார்த்தேன். போன் பையில் இருக்கும்போது தானாக அழுந்தியிருக்கும், குப்பை என்று எண்ணி, அந்தப் பத்தியை ஒவ்வொரு முறையும் தானாகவே நீக்கிவிடும்படி ஒரு கட்டளை எழுதி வைத்தேன். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத மென்பொருள் அதைக் கேள்விக்குறியாக மாற்றியிருக்கும் என்று ஒரு தமிழச்சிக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு அந்தப் பத்தியை நான் பார்க்கவே இல்லை.

மூல விவரங்கள் சர்வரில் அப்படியே இருந்தன. திறந்தேன். தமிழ், சுத்தமாக, ஒரு எழுத்துகூடக் கெடாமல்.

'டப்பாவைப் பூனை கவிழ்த்துவிட்டது. மறுபடி வைத்தேன்.' 'மாடி சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் ஊருக்குப் போயிருக்கார்.' 'போன் சூடு. வேனில் வைத்துவிட்டுப் போகிறேன்.' இவை முதல் வாரங்களில். பிறகு ஒரே கட்டடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப. 'பலகை அடைத்த கட்டடத்துக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது. உள்ளே விட மறுக்கிறார்கள்.' 'மறுபடி கேட்டேன். ஆபீஸிலிருந்து கடிதம் வேண்டுமாம். மேடம் கவனிக்கவும்.' 'இதைத் திறக்காமல் இந்தத் தெருவில் மருந்து அடித்துப் பிரயோஜனம் இல்லை. மேடம் கவனிக்கவும்.'

'மேடம் கவனிக்கவும்' என்பது ஏழு இடங்களில் இருந்தது. கடைசியாக எழுதியது, மேனேஜர் அறைக்கு அவரைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள்.

அந்தக் கட்டடம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்கு நான்கு கட்டடம் தள்ளி, பழுதுபார்ப்பதற்காக ஆட்களைக் காலி செய்து, சுற்றிலும் பலகை அடித்திருந்தார்கள். மெட்ரோவுக்குப் போகும்போது அந்தப் பலகையை ஒட்டித்தான் தினமும் நடப்பேன். ஆள் குடியில்லாத கட்டடம் என்பதால் வரைபடத்தில் அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்து, கணக்கிலிருந்தே நீக்கியிருந்தேன்.

குறிப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். முழுவதையும் படித்தார்.

"ரிப்போர்ட் போயாச்சே," என்றார்.

"தப்பான ரிப்போர்ட் போயிருக்கு சார்."

"இந்த ஒரு பிளாக்ல நம்ம மேப் தப்புன்னு நாமே சொன்னா, மத்த பிளாக்கையும் நகராட்சியில நம்ப மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க."

"மத்ததையும் நான் திரும்பப் பார்த்துடறேன் சார். எல்லா ஆளுங்க எழுதின குறிப்பையும் சேர்த்து."

"அந்த ஆள் போனைக் கையில வச்சிருக்கணும்ங்கறது ரூல். அதை மீறினது உண்மைதானே?"

"உண்மைதான். வேலை செய்யலங்கறது உண்மையில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர். "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்துவிட்டார், நடமாடுகிறார் என்றேன். "கட்டடத்தைத் திறக்க லெட்டர் போடறேன். முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். அப்புறம் ரிப்போர்ட்."

அனுமதி வர ஒரு வாரமானது. கட்டடத்தைத் திறந்த காலையில் நானும் போனேன். இந்த வேலையில் சேர்ந்து அதுதான் நான் முதல்முறையாக வேலை நடக்கும் இடத்துக்குப் போனது. காவலாளி பலகைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருட்டாக, வெளியைவிடக் குளுமையாக இருந்தது. ஈரச் சிமென்ட் வாசனை. நேபாளத்துக்காரர் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் போனார். கழற்றி எடுத்த குளியல் தொட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவற்றை நிரப்பியிருந்தது. நிரம்பி வழிந்தது தரையில் ஓடி லிப்ட் குழிக்குள் இறங்கியிருந்தது. லிப்ட் இல்லாத வெறும் குழி. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் மேற்பரப்பு முழுவதும் நெளிந்தது. ஆயிரக்கணக்கில் புழுக்கள் தலைகீழாகக் கீழே இறங்கின.

"பஹுத் ஹை மேடம்," என்றார் அவர் மெல்லிய குரலில். நிறைய இருக்கிறது.

என் முழங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. கறுப்புக் கால்களில் வெள்ளை வளையங்கள். மாதக்கணக்காக இந்தக் கொசுவை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். தட்டிவிட்டேன். தப்பித்துவிட்டது.

குழாயை அடைத்தார்கள். குழியை மோட்டார் வைத்து வற்றவைத்து, தொட்டிகளைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீருக்குக் குருணை மருந்து போட்டார்கள். மூன்று வாரத்தில் அந்தக் கட்டத்தில் சிவப்பு வட்டங்கள் மற்ற தெருக்களின் அளவுக்கு வந்தன. அதற்குப் பிறகு அங்கே மஞ்சள் புள்ளி விழவில்லை. அந்தத் தண்ணீரை எடுத்ததாலா, கோடையின் உச்சத்தாலா என்று கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. அதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டில், முதல் ரிப்போர்ட்டின் இந்த வரி தவறு, காரணம் இது என்று எழுதியிருந்தேன். மேனேஜர் 'தவறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கூடுதல் விவரங்களின் அடிப்படையில் திருத்தப்பட்டது' என்று மாற்றினார். பாயின் குறிப்புகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன்; அவற்றில் அவர் கைவைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்ய முடியாது என்று நிர்வாகப் பிரிவில் சொன்னார்கள். கோப்பிலிருந்து எதையும் எடுக்கக்கூடாதாம், சேர்க்கலாமாம். முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று இன்னொரு கடிதத்தைச் சேர்த்தார்கள். அது நடக்க நான் ஐந்து முறை அந்தப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது.

வெயில் தணிய ஆரம்பித்த மாதத்தில் பாய் ஊருக்கு லீவில் கிளம்பினார். சாமான் வாங்க பர் துபாய்க்கு வருகிறேன் என்று சொன்னதால், மாலையில் மீனா பஜாருக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். கணவரும் வந்தார். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், காலடியில் இரண்டு பெரிய பைகளும் ஒரு சின்னப் பையும். கணவரின் உடம்பைப் பற்றி விசாரித்தார். முடி கொஞ்சம் கொட்டுகிறது, மற்றபடி சரி என்று கணவர் சொன்னார்.

"லெட்டர் வந்துச்சு மேடம். அங்க உள்ள மலையாளி படிச்சுச் சொன்னாரு."

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும் பாய்."

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"நான் எழுதினது உங்களுக்கு வரல. சரி, மெஷின் தின்னுருச்சு. அதுக்கு நீங்க என்ன செய்வீக. ஆனா மேடம், என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"வியாழக்கிழமைன்னா உங்க மேசைக்கு முன்னாலதான வந்து நின்னேன். 'பாய், இந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீக'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் பதில் சொல்லிருப்பேன். பதில் சரியில்லன்னா அப்புறம் எழுதியிருக்கலாம்."

"ஆமா பாய்."

"சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் வேலை முறையைப் பற்றி ஏதாவது விளக்கம் சொல்லலாமா என்று தேடினேன். வாயில் வந்ததெல்லாம் எனக்கே சரியாகப் படவில்லை.

கணவர்தான் பேச்சை மாற்றினார். ருவைஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ரூமுல மூணே பேருதான். கடல் காத்து வரும். எலி மட்டும் ஜாஸ்தி," என்றார் பாய். மகளுக்குப் பிரசவ நேரம், அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றார். லீவு முடிந்து துபாய்க்கே திரும்பி வரலாம், மேனேஜரிடம் பேசியிருக்கிறேன் என்று நான் சொன்னேன்.

"வேணாம் மேடம். கோவத்துல சொல்லல. அங்க இருக்குற ஃபோர்மேன் எகிப்துக்காரரு, பாஷையே புரியாது. ஆனா ஒண்ணு சொன்னா வந்து பாக்குறாரு. எனக்கு அது போதும்."

குபைபா பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனோம். ஒரு பையைக் கணவர் தூக்கிக்கொண்டார். நான் சின்னப் பையை வாங்கப் போனபோது பாய் கொடுக்கவில்லை, உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கிறது என்றார். அபுதாபியிலிருந்துதான் அவருக்கு விமானம்; அபுதாபி பஸ் நின்றிருந்தது. பைகளை அடியில் வைப்பதைப் பற்றி டிரைவரோடு உருதுவில் பேசி, கண்ணாடிச் சாமானை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறினார். படியில் நின்று கணவரிடம், "முருங்கைக்கீரை நிறைய சாப்பிடுங்க, முடி வந்துரும்," என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ் கிளம்பிய பிறகு மெட்ரோவில் ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கணவர் கேட்டார், "மன்னிச்சிட்டாரா?"

"தெரியல," என்றேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லல அவர்."